பழைய வீட்டை இடித்து எடுத்த குழு: மரத்துக்கு இருந்த அக்கறை மண்ணுக்கு இல்லை

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டைப் புதிதாகக் கட்டுவதற்காக இடித்துவிட்டோம். வீடு கட்டுவதைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஊரே இருக்கிறது. எந்த சிமெண்ட், எந்த டைல்ஸ் கடை, மாடுலர் கிச்சனுக்கு யார் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், பத்து நிமிஷத்தில் பத்துப் பேர் போன் நம்பரோடு வந்துவிடுவார்கள். ஆனால் இருக்கிற வீட்டை ஒழுங்காக இறக்கித் தருகிற ஆள் யார், அவரிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும், எந்த இடத்தில் கைவிடுவார் என்று தேடினால், "பழைய வீடு இடித்து எடுக்கப்படும்" என்று தெருமுனைச் சுவர்களில் எழுதியிருக்கிற நம்பர்களைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கான்ட்ராக்டர் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அவருடையவை மட்டுமல்ல, அதே தெருவில், அடுத்த தெருவில் வேறு ஆட்களை வைத்து இடித்தவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள். நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும் இது உதவ வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

முதலில் காசு விஷயம், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வெறுமனே "இடிப்பது" என்று சொல்வதில்லை, "இடித்து எடுப்பது" என்றுதான் பேசுகிறார்கள், பேரம் முழுக்க அந்த எடுப்பதில்தான் இருக்கிறது. மரம் நிறைய உள்ள பழைய வீடாக இருந்தால் நாம் அவர்களுக்குப் பணம் தருவதில்லை, அவர்கள் நமக்குத் தருகிறார்கள். கதவு, நிலை, ஜன்னல், உத்திரம், கிரில், கம்பி, செம்பு ஒயர், முழுதாகத் தேறுகிற செங்கல் எல்லாம் அவர்களுக்கு. அதை விற்றால் என்ன வரும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு, ஆள் கூலி, மெஷின் வாடகை, லாரி வாடகை எல்லாம் கழித்து, மிச்சத்தில் ஒரு பங்கை நமக்குச் சொல்வார்கள். சமீபத்தில் கட்டிய வீடு, ஃபிளஷ் டோர், அலுமினியம் ஜன்னல் என்றால் இந்தக் கணக்கே தலைகீழ், நம் கையிலிருந்துதான் போகும். ஆக, கான்ட்ராக்டருக்கு லாபம் வருவது சேதமில்லாமல் கழற்றி எடுப்பதில். அதற்கு அப்புறம் செய்ய வேண்டியதெல்லாம் அவருக்குச் செலவு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் எது அருமையாக நடக்கும், எதற்கு நாம் கூடவே நிற்க வேண்டும் என்பது வேலை ஆரம்பிக்கும் முன்னாலேயே தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் கீழ்த்தளம் ஐம்பதுகளில் கட்டியது, சுண்ணாம்புச் சாந்துச் சுவர், மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் சின்னச் சின்னச் செங்கல்லை மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி அடித்து இறுக்குகிற அந்தக் காலத்துத் தளம். மாடி எண்பதுகளில் அப்பா எடுத்தது, சிமெண்ட் சாந்து, காங்கிரீட் ரூஃப். ஒரே வீட்டில் இரண்டு காலம் இருந்ததால் இடிக்கிறவர்களின் கை எப்படி மாறுகிறது என்பதை நேராகப் பார்க்க முடிந்தது.

விலை சொல்ல வந்தவர்களில் ஒருவர் வாசலில் நின்றபடியே எங்களுக்குத் தருவதாக ஒரு தொகை சொன்னார். இன்னொருவர் ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கு சொன்னார், ஆனால் ஒரு வாரத்தில் பொக்லைன் வைத்து முடித்துவிடுவேன் என்றார். நாங்கள் கடைசியில் வேலையைக் கொடுத்தது இந்த இரண்டுக்கும் நடுவில் சொன்னவருக்கு. காரணம், அவர் உள்ளே வந்ததும் கதவுகளைப் பார்க்கவில்லை, நேரே பின்பக்கம் போய்ப் பக்கத்து வீட்டோடு ஒட்டியிருக்கிற பொதுச் சுவரைத் தட்டிப் பார்த்தார். அப்புறம்தான் மரத்துக்கு வந்தார். உத்திரத்தின் ஓரத்தில் உளியால் ஒரு சீவல் எடுத்து, முகர்ந்து பார்த்து, ரேகையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "பர்மா தேக்குதான் அக்கா, ஆனா சமையல்கட்டுப் பக்கம் ரெண்டு கட்டை கறையான் பிடிச்சிருக்கு, அதைக் கணக்குல சேர்க்க மாட்டேன்" என்றார். பிரித்தபோது அவர் சொன்ன அந்த இரண்டு கட்டைகளும் உள்ளே மாவாகத்தான் இருந்தன. எனவே தேர்ந்தெடுக்கும்போது தொகையை மட்டும் பார்க்காதீர்கள், எதை முதலில் பார்க்கிறார் என்று பாருங்கள்.

காகித வேலையில் இவர்கள் உதவி பெரிதாக இல்லை. மாநகராட்சியில் இடிப்பு அனுமதி வாங்குவது, மின்வாரியத்தில் சொல்லி மீட்டரைக் கழற்றுவதோடு நிறுத்தாமல் கம்பத்திலிருந்தே ஒயரை எடுக்கச் செய்வது, குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்புகளை அடைப்பது, எல்லாம் நாங்களே அலைந்து முடித்தோம். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்று ஒரு பேச்சு வந்தது, நான் ஒப்புக்கொள்ளவில்லை. கரண்ட் ஓடுகிற ஒயர் தொங்குகிற வீட்டில் சம்மட்டி ஓங்குவது உயிரோடு விளையாடுவது. சாக்கடை இணைப்பை அடைக்காமல் இடித்தால் மண்ணும் கல்லும் குழாய்க்குள் இறங்கித் தெருவுக்கே அடைத்துக்கொள்ளும். இதில் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன்.

வேலை ஆரம்பித்த பிறகு நடந்தது வேறு தரம். மேலிருந்து கீழே, கட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் ஒவ்வொரு தளமாக இறங்க வேண்டும் என்பதுதான் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 4130 என்கிற இடிப்புப் பாதுகாப்பு விதிமுறையின் அடிப்படை. இவர்களுடைய மேஸ்திரி அந்தப் பேரைக் கேள்விப்பட்டிருப்பாரா என்று தெரியாது, ஆனால் வேலை அப்படியே நடந்தது. தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர், அப்புறம் மாடி ரூஃப். ரூஃபைக் கையில் பிடிக்கிற பிரேக்கரால் கட்டம் கட்டமாக உடைத்தார்கள், கம்பியைக் கடைசியில்தான் கேஸ் கட்டிங் வைத்து அறுத்தார்கள். உடைந்த காங்கிரீட்டை மாடித் தரையிலேயே குவித்து வைக்கவில்லை, அது முக்கியம். கீழே இருப்பது எழுபது வருஷத்து மரக்கட்டைகள் தாங்குகிற தளம், அதன் மேல் டன் கணக்கில் குவியல் ஏறினால் மொத்தமும் உட்கார்ந்துவிடும். பின்பக்கம் மாடிச் சுவரில் ஒரு வழி உடைத்து, அவ்வப்போது கீழே தள்ளிக்கொண்டே இருந்தார்கள். தள்ளும் ஒவ்வொரு முறையும் கீழே ஒருவர் நின்று குரல் கொடுத்த பிறகுதான் தள்ளினார்கள். மற்ற கான்ட்ராக்டர் சொன்ன மாதிரி பொக்லைனை வைத்துக் கீழ்ச் சுவரைத் தட்டிவிட்டு மேல்தளத்தை விழ வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும், எங்கள் மரமும் போயிருக்கும், பக்கத்து வீடும் சேர்ந்து ஆடியிருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கேட்டது, "வெடி வச்சா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடுமே" என்பது. மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினோரு மாடி அடுக்குமாடி சரிந்து 61 பேர் இறந்தார்களே, அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்ததை டிவியில் பார்த்தவர்கள் நாம். 2020 ஜனவரியில் கொச்சி மரடுவில் நான்கு குடியிருப்புகள், 2022 ஆகஸ்ட் 28 அன்று நொய்டாவில் சூப்பர்டெக் இரட்டைக் கோபுரங்கள் என்று அடுத்தடுத்துப் பார்த்ததில் வெடிதான் நவீன முறை, கடப்பாரை பழைய முறை என்று ஓர் எண்ணம் வந்துவிட்டது. நொய்டாவில் விழுந்தது சில நொடிகளில், சரிதான். ஆனால் இடிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2021 ஆகஸ்டில். தூண்களில் ஆயிரக்கணக்கான துளைகள் போட்டு, ஏறக்குறைய 3,700 கிலோ வெடிபொருளை நிரப்பி, எந்தத் தூண் எந்த நொடியில் போக வேண்டும் என்று வரிசைப்படுத்தி, பக்கத்துக் கட்டடங்களைத் துணியால் மூடி, சுற்றுவட்டார மக்களை எல்லாம் வெளியேற்றிவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினார்கள். வெடி செய்வது தாங்கும் தூண்களை வெட்டிவிடுவதை மட்டும்தான், கட்டடத்தை இறக்குவது அதன் சொந்த எடை. தூணே இல்லாமல் சுவர்களே தாங்கி நிற்கிற, இரண்டு பக்கமும் ஆள் குடியிருக்கிற மாம்பலத்து வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப்படி வெடியில் விழுந்ததில் ஒரு துண்டுகூட மறுபடி நிலையாகவோ கதவாகவோ நின்றிருக்காது. எங்கள் வீட்டில் அதுதான் முக்கியமாக இருந்தது.

கழற்றுவதில் இவர்கள் திறமையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். வாசல் நிலையை எடுத்த விதத்தை நின்று பார்த்தேன். முதலில் நிலைக்குச் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைச் சுரண்டினார்கள், செங்கல் தெரிந்ததும் சுவருக்குள் போகிற இரும்புப் பட்டைகள் எங்கே என்று கம்பியால் குத்திப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்துச் செங்கல்லை மட்டும் உளியால் ஒவ்வொன்றாக எடுத்து, பட்டையை அறுத்து, மேலே சுவரைத் தாங்க ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, அப்புறம் நான்கு பேர் சேர்ந்து நிலையை முன்பக்கம் சாய்த்து எடுத்தார்கள். மேல் சட்டத்தில் இருந்த கஜலட்சுமிக்கு ஒரு கீறல் இல்லை. அதை நாங்கள் வைத்துக்கொள்வோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால் பழைய புடவையில் சுற்றி மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இழுக்க வேண்டிய ஆணியை இழுத்தார்கள், அறுக்க வேண்டியதை அறுத்தார்கள், தேக்குக் கட்டை ஒன்றைக்கூட மேலிருந்து போடவில்லை, கயிறு கட்டித்தான் இறக்கினார்கள்.

செங்கல்லிலும் ஒரு பாடம் இருந்தது. கீழ்த்தளத்துச் சுண்ணாம்புச் சுவரில் கடப்பாரை நுனியை விட்டு நெம்பினால் கல் முழுசாகக் கையோடு வந்துவிடுகிறது, ஒட்டியிருக்கிற சாந்தை இரண்டு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். சாயங்காலம் வரைக்கும் இரண்டு பெண்கள் உட்கார்ந்து தட்டித் தட்டி அடுக்கிக்கொண்டே இருந்தார்கள், வேலை முடியும்போது வாசலில் ஒரு சுவர் மாதிரி நின்றது அந்த அடுக்கு. மாடிச் சுவரில் அது நடக்கவே இல்லை. சிமெண்ட் சாந்து கல்லைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் அடித்தால் கல்தான் உடைகிறது, சாந்து விடுவதில்லை. மாடியிலிருந்து தேறிய முழுச் செங்கல் மிகக் குறைவு, மீதி எல்லாம் ரப்பிஷ்தான். நாம் இப்போது கட்டுகிற வீடுகளை நம் பேரப்பிள்ளைகள் இடிக்கும்போது அவர்களுக்கு எடுக்க என்ன மிஞ்சும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பொருள்களுக்கு ஒரு பெரிய உலகமே காத்திருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண், கதவு, பீங்கான் எல்லாம் கடை கடையாக நிற்கும். நம் ஊரில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கீல், தாழ்ப்பாள், பழைய சுவிட்ச் வரைக்கும் கிடைக்கும். முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நிற்கிற பழைய வீடுகள் வேறு ஊர்களில் கவனமாகப் பிரித்து எடுத்து வந்து மறுபடி எழுப்பியவை. பிரிக்கத் தெரிந்த கை இல்லாவிட்டால் அவை இன்று இல்லை. எங்கள் வீட்டில் வேலை செய்தவர்கள் அந்தத் தரத்துக்கு நெருங்கிய ஆட்கள் என்றுதான் சொல்வேன். இதற்கு ஐந்துக்கு ஐந்து, யோசிக்காமல்.

பொதுச் சுவர் விஷயத்திலும் நல்ல பெயர்தான் கொடுப்பேன். வேலைக்கு முன்னாடியே மேஸ்திரி பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் போய், அவர்கள் சுவரில் ஏற்கெனவே இருக்கிற விரிசல்களை எல்லாம் அவர் முன்னாலேயே போட்டோ எடுத்து, இரண்டு பேர் போனிலும் வைத்துக்கொண்டார். பின்னாடி யார் எந்த விரிசலுக்குப் பொறுப்பு என்று சண்டை வராது. பொதுச் சுவரை ஒட்டி இரண்டடிக்கு மெஷினே கொண்டுபோகவில்லை, உளியும் சுத்தியலும்தான். ரூஃபை அந்தச் சுவரிலிருந்து கையால் வெட்டிப் பிரித்துத் தனியாக்கிய பிறகுதான் நடுவில் பிரேக்கர் ஓடியது. அதிர்வு சுவர் வழியாக அந்தப் பக்கம் போகாது என்பதுதான் காரணம். பெரியம்மா வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு படம்கூட அசையவில்லை என்று அவரே சொன்னார்.

இனி மரமும் இல்லாத, அடுத்த வீட்டுப் புகாரும் வராத இடங்களுக்கு வருவோம்.

வேலை செய்தவர்களின் உடம்பு. பெரும்பாலும் திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள், புருஷனும் மனைவியுமாக வந்தவர்கள், இடிக்கிற வீட்டின் முன்னறையிலேயே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டார்கள், அந்த அறை போகிற அன்று வாசலுக்கு மாறினார்கள். ஹெல்மெட் இரண்டோ மூன்றோதான் இருந்தது, அதையும் போடச் சொன்னால்தான் போட்டார்கள். ரப்பர் செருப்போடு ஆணி குத்தி நிற்கிற கட்டை மேல் நடந்தார்கள். முகத்துக்குத் துண்டு, அவ்வளவுதான். காங்கிரீட்டையும் செங்கல்லையும் உடைக்கும்போது வருகிற நுண்தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலில் படிந்தால் வருகிற நோய்க்கு மருந்து கிடையாது. தண்ணீர் தெளித்துக்கொண்டே உடைத்தால் பெரும்பகுதி அடங்கிவிடும். தண்ணீர் லாரி வந்த நாள்களில் தெளித்தார்கள், வராத நாள்களில் அப்படியே உடைத்தார்கள், தெருவே வெளுத்துப்போனது. நாங்கள் வேறு வீட்டிலிருந்து டிரம்மில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தோம், மாஸ்க்கும் கையுறையும் வாங்கிக் கொடுத்தோம். வாங்கிக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஆக ஆட்கள் போட மாட்டேன் என்கிறார்கள் என்று கான்ட்ராக்டர்கள் சொல்லும் காரணம் முழுதாக உண்மை இல்லை.

இதைவிட எனக்குக் கோபம் வந்தது மொட்டைமாடி ஷெட் விஷயத்தில். அது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். முழுதாக நட்டைக் கழற்றி, ஈரப்படுத்தி, உடையாமல் இறக்க வேண்டிய பொருள், உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும், மூச்சோடு போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். எத்தனையோ நாடுகளில் தடை செய்துவிட்டார்கள், இங்கே இன்னும் கடையில் விற்கிறது. ஒப்பந்தத்தில் "ஷீட் உடைக்கக்கூடாது" என்று தனி வரியாகவே எழுதியிருந்தேன். நான் போவதற்குள் இரண்டு ஷீட்டைச் சம்மட்டியால் தட்டிவிட்டார்கள். தேக்குக் கட்டையைக் கயிறு கட்டி இறக்கத் தெரிந்த அதே கைகள்தான். ஷீட்டுக்கு விலை இல்லை, வேறென்ன காரணம். நின்று சத்தம் போட்ட பிறகு மிச்சத்தை நனைத்துக் கழற்றி இறக்கினார்கள். இடிப்பதும் கட்டட வேலைதான் என்று 1996ஆம் வருஷத்துக் கட்டடத் தொழிலாளர் சட்டமே சொன்னது. கட்டுகிற ஆளுக்கு என்ன பாதுகாப்போ அது இடிக்கிற ஆளுக்கும் உண்டு. இதில் ஐந்துக்கு ஒன்று, அதுவும் ஆட்கள் மேல் இருக்கிற மரியாதைக்காக.

அடுத்தது ரப்பிஷ். மரம், கம்பி, செங்கல் எல்லாம் போன பிறகு மனையில் மிச்சம் நிற்கிற சிமெண்ட் கட்டி, சுண்ணாம்பு, உடைந்த தரை, டைல்ஸ் துண்டு, பிளாஸ்டிக் குழாய். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவை அரைத்து மறுபடி ஜல்லியும் மணலுமாக்குகிற ஆலைகள் இருக்கின்றன, அங்கே கொண்டுபோய்க் கொட்டி ரசீது தர வேண்டும் என்று பேசியிருந்தோம். தன் கழிவைத் தானே பிரித்து, ரோட்டிலோ கால்வாயிலோ போடாமல் உரிய இடத்தில் சேர்ப்பது உரிமையாளர் பொறுப்பு என்று 2016ஆம் வருஷத்துக் கட்டடக் கழிவு விதிகளே சொல்லியிருந்தன. ஒரு நாளைக்கு 20 டன்னோ ஒரு மாதத்தில் 300 டன்னோ தாண்டினால் காங்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-சாந்து என்று நாலாகப் பிரித்தே கொடுக்க வேண்டும் என்றும் அவற்றில் இருந்தது. அவற்றுக்குப் பதிலாக 2025இல் அறிவித்த புது விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் அமல், அதில் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள பெரிய திட்டங்களுக்குத்தான் கூடுதல் கெடுபிடி. நம்மைப் போன்ற தனி வீட்டுக்காரர்களைக் கேட்க வருகிறவர் குறைவு, அந்தத் தைரியத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

முதல் சில லோடுக்கு ரசீது வந்தது. அப்புறம் லாரி ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வர ஆரம்பித்தது, ரசீது கேட்டால் "டிரைவர்கிட்ட இருக்கு அக்கா, நாளைக்குத் தரேன்" என்று நான்கு நாள் ஓடியது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் ராத்திரியில் போகிறவர்களுக்கு ரோட்டோரம் புதிது புதிதாக முளைக்கிற மேடுகளைத் தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, மழைக்காலத்தில் தென்சென்னைத் தண்ணீர் போய்த் தங்குகிற இடம் அது. என் தாத்தா வீட்டு மண்ணால் அங்கே ஒரு அடி மேடு ஏறினால், அந்த அளவு தண்ணீர் யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்துக்குள்தான் போகும். இதைச் சொன்னதும் மேஸ்திரி பதில் பேசாமல் நின்றார், அவர் கையில் இல்லை, லாரிக்காரர் தனி, ஒரு லோடுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் அவர் எங்கே கொட்டுகிறார் என்று கான்ட்ராக்டரே கேட்பதில்லை. தூரம் கூடக் கூட டீசல் கூடும், ஆலையில் வரிசையில் நின்றால் ஒரு நடை போகும், அவ்வளவுதான் கணக்கு. நாங்கள் மாமா பையனை ஸ்கூட்டரில் லாரிக்குப் பின்னாலேயே அனுப்ப ஆரம்பித்த பிறகு மீதி லோடு பகலில் போனது, ரசீதும் வந்தது. ராத்திரி போன லோடுகளுக்கு இன்றுவரை ரசீது இல்லை. இதற்கு என்னால் மதிப்பெண் கொடுக்க முடியாது.

கடைசிச் சண்டை அஸ்திவாரத்தில். "பேஸ்மட்டம் வரைக்கும்" என்றால் அவர்கள் அகராதியில் தரைக்கு மேலே இருப்பது மட்டும். கீழே இருக்கிற கருங்கல் அஸ்திவாரம், சம்ப், பழைய செப்டிக் டேங்க் எல்லாம் தனிக் காசு. எங்கள் ஒப்பந்தத்தில் அஸ்திவாரக் கல்லும் சேர்த்து என்று தெளிவாக எழுதி, அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார், இருந்தும் கேட்டார். காகிதத்தைக் காட்டியதும் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். எழுதாமல் விட்டிருந்தால் பெரிய தொகை போயிருக்கும். செப்டிக் டேங்க்கை மட்டும் நாங்கள் முன்னாலேயே லாரி வைத்துக் காலி செய்து, மூடியைத் திறந்து சில நாள் காற்றாட விட்டிருந்தோம், அதில் யாரையும் இறங்க விடவில்லை, மெஷினால்தான் உடைத்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் கான்ட்ராக்டர் சொல்வதைக் கேட்காதீர்கள், ஒரு நிமிஷ வேலை என்று ஆளை இறக்குவார்கள்.

மொத்தமாகக் கேட்டால் ஐந்துக்கு மூன்று. பழைய வீடு, நிறைய மரம், பக்கத்திலேயே ஒட்டின வீடு என்றால் இதே குழுவை மறுபடியும் கூப்பிடுவேன், அந்தக் கைத்திறன் எளிதில் கிடைப்பதில்லை. வெறும் காங்கிரீட் வீடு, எடுக்க ஒன்றும் இல்லை என்றால் கூப்பிட மாட்டேன், ஏனென்றால் அவர்களுக்கு அதில் பிடிப்பே இருக்காது.

கூப்பிடுகிறவர்கள் விலை பேசும்போது மரத்துக்கு ஐயாயிரம் பத்தாயிரம் கூடக் கேட்டு மல்லுக்கட்டுவதைவிட, அதே நேரத்தை வேறு இடத்தில் செலவு செய்யுங்கள். ஹெல்மெட், பூட்ஸ், மாஸ்க் யார் வாங்குவது, தண்ணீர் வராத நாளில் வேலை உண்டா இல்லையா, ஷீட்டை எப்படி இறக்குவது, அஸ்திவாரம் யாருடையது, ஒவ்வொரு லோடுக்கும் ஆலை ரசீது, ராத்திரி லாரி கூடாது, இத்தனையும் தமிழிலேயே எழுதி மேஸ்திரிக்கும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் நமக்குத் தருகிற பணம் முன்னாடியே வந்துவிடுவதால் நம் கையில் பிடி இல்லாமல் போகிறது, அதனால் தனியாக ஒரு டெபாசிட் வாங்கி வையுங்கள். நாங்கள் வாங்கி வைத்ததில் ரசீது வராத லோடுகளுக்கான பங்கை இன்னும் திருப்பித் தரவில்லை. அவர் வாரம் ஒருமுறை போன் செய்கிறார், நானும் வாரம் ஒருமுறை ரசீது கேட்கிறேன்.